வேலியே பயிரை மேயலாமா?

(அச்சுத் தொழில்நுட்பம், இரண்டாம் ஆண்டு மாணவன்)

சென்னையில் வயதானவர்கள் மிருகக்காட்சி சாலையை 'உயிர்க் காலேஜ்' என்பார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். காலேஜ் வாசலையே மிதிக்காத மக்கள் வைத்த பெயர் அது. புத்தகம் வாங்க வழியில்லாதவன்கூட நடந்தபடியே நாலு விஷயம் படித்துவிட்டு வரலாம் என்பதால்தான் அப்படிச் சொன்னார்களோ என்னவோ!

அந்தப் பெயரில் 'காலேஜ்' என்பது சரி. 'செத்த' என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் செப்புத் திருமேனி செத்த பொருள் அல்ல. இன்றைக்கும் அது காற்றோடும் ஈரத்தோடும் வினை புரிந்துகொண்டுதான் இருக்கிறது. வெள்ளிக் காசு கறுக்கிறது. ஈயக் காசு வெள்ளையாகப் பூத்து மாவாகிறது. சங்கு பொரிந்து போகிறது. ஓலைச்சுவடி நொறுங்குகிறது. ஆயிரம் வருடம் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த பொருள், நாம் பத்திரமாகப் பெட்டியில் வைத்த பிறகு இருபது வருடத்தில் கெட்டுப்போனால் அந்தப் பழி யாரைச் சேரும்?

திருடனைத் தெரியும், கரையானைத் தெரியும், கூரை ஒழுகினால் அதுவும் தெரியும். ஆனால் இன்னொரு எதிரி இருக்கிறது, நண்பர்களே. அது பொருளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இது 11-ஆம் நூற்றாண்டு, சோழர் காலம்" என்று நமக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும் விளக்க அட்டைதான்! அட்டை என்றால் அதன் பலகை, அதன் மை, அதன் பசை எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். பொருளைக் காக்க வந்தது பொருளைத் தின்றால் அதற்குப் பெயர் வேலியே பயிரை மேய்வது. "அட, ஒரு அட்டையில என்னப்பா இருக்கு?" என்று கேட்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. இந்த விஷயம் விஞ்ஞானிகளை விட அதிகமாக நம்மைப் போன்ற டிப்ளமா மாணவர்களின் கையில் இருக்கிறது என்பது என் கருத்து.

மூடிய பெட்டியில் என்ன நடக்கிறது?

காலையில் கட்டிக்கொண்டு வந்த டிபன் பாக்ஸை மதியம் திறக்கும்போது குப்பென்று ஒரு வாடை அடிக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே சாப்பாடு தட்டில் திறந்து கிடந்தால் அந்த வாடை தெரியாது, காற்றோடு போய்விடும். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியும் ஒரு பெரிய டிபன் பாக்ஸ்தான். உள்ளே வைத்த பலகை, துணி, பெயின்ட், பசை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியை விடுகிறது. தூசு வராமல் இருக்கப் பெட்டியை இறுக்கி மூடியிருப்பதால் அந்த ஆவி வெளியே போக வழியில்லை. அது போய் உட்கார்வது காட்சிப் பொருள் மேல்தான்.

எந்தப் பொருள் எதை விடுகிறது என்று பார்ப்போம்.

முதலில் பி.வி.சி. நம் ஊரில் ஃப்ளெக்ஸ், வினைல் ஸ்டிக்கர், கடையில் 'சன்போர்டு' என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தரும் நுரைப் பலகை எல்லாம் இந்த வகைதான். பி.வி.சி. பிசினின் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் குளோரின். வெயிலும் சூடும் பட்டு, காலம் ஆக ஆக, அது சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை விடுகிறது. வளைவதற்காகச் சேர்த்திருக்கும் மென்மையூட்டிகளும் மெல்லக் கசிந்து பிசுபிசுப்பாகின்றன. இது ஒரே நாளில் நடப்பதல்ல, மிக மெதுவாக நடப்பது. கல்யாண பேனருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டு நாளில் கழற்றிவிடுவோம். நூறு வருடம் இருக்க வேண்டிய பெட்டிக்குள் வைத்தால்தான் பிரச்சினை.

செம்பு, வெண்கலத்துக்குக் குளோரைடு என்றால் ஏன் இத்தனை பயம்? மண்ணில் கிடந்த வெண்கலச் சிலைகளில் ஏற்கெனவே குளோரைடு ஒட்டியிருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் அது வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கி, கூடவே அமிலத்தையும் உண்டாக்கும். அந்த அமிலம் அடுத்த அடுக்குச் செம்பைத் தின்னும். மறுபடி குளோரைடு, மறுபடி அமிலம் என்று சக்கரம் மாதிரிச் சுற்றிக்கொண்டே போகும். இதற்கு 'வெண்கல நோய்' என்றே பெயர். 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம், 1930-லேயே தனக்கென்று ஒரு வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைத்து, இந்த நோய் கண்ட சிலைகளை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்து காப்பாற்றியது. அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய பொருள் பக்கத்தில் எந்த ஊர் காட்சிக்கூடமானாலும் நாம் போய் குளோரின் பலகையைச் சாத்தி வைப்பது நியாயமா?

இரண்டாவது, மரமும் பசையும். பிளைவுட், எம்.டி.எஃப். போன்ற பலகைகளில் இருந்து ஃபார்மால்டிஹைடும் ஃபார்மிக், அசெட்டிக் அமிலங்களும் வருகின்றன. தச்சு வேலைக்கு நாம் பயன்படுத்தும் வெள்ளைப் பசை பாலிவினைல் அசெட்டேட். அதிலிருந்தும் அசெட்டிக் அமிலம் வரும். அதாவது வினிகர்! இது ஈயத்துக்கு ஆகாது, வெள்ளையாகப் பூத்து உதிர்ந்துவிடும். சங்கு, கிளிஞ்சல், முட்டையோடு ஆகியவையும் சுண்ணாம்புச் சத்துதானே? மர அலமாரியில் வைத்த கிளிஞ்சல்கள் மேல் வெள்ளைப் பொரி கிளம்புவதை 1899-லேயே பைன் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்தார். அவர் அதைக் கிருமி நோய் என்று நினைத்துவிட்டார். கிருமியும் இல்லை ஒன்றும் இல்லை, அலமாரி விட்ட அமிலம்தான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றும் அதற்குப் 'பைன் நோய்' என்றுதான் பெயர்.

மூன்றாவது, ரப்பரும் கம்பளித் துணியும். இரண்டிலும் கந்தகம் உண்டு. கந்தகம் என்றால் வெள்ளி கறுக்கும். இதற்கு நான் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. எங்கள் அம்மாவின் கொலுசு ஒன்றரை வருடம் அடகில் இருந்தது. மீட்டு வந்தபோது ரப்பர் பேண்டு சுற்றியிருந்த இடம் மட்டும் மோதிரம் போட்ட மாதிரிக் கறுத்துக் கிடந்தது. அம்மா புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். வீட்டுக் கொலுசைத் தேய்க்கலாம். இரண்டாயிரம் வருடத்து முத்திரைக் காசை அப்படித் தேய்க்க முடியுமா? தேய்த்தால் முத்திரையும் சேர்ந்து போய்விடுமே!

இது போதாதென்று மலிவான காகித அட்டை வேறு. செய்தித்தாள் வெயிலில் மஞ்சளாகிறதே, அதே சமாச்சாரம்தான். மரக்கூழில் இருக்கும் லிக்னின் அமிலமாகி, தானும் கெட்டு, தொட்டுக்கொண்டிருப்பதையும் கெடுக்கும். செல்லோ டேப் ஒட்டினால் சில வருடத்தில் டேப் உதிர்ந்து, பழுப்புப் பிசின் மட்டும் நிற்கும்.

28 நாள் பரீட்சை

நல்ல பலகை எது, கெட்ட பலகை எது என்று முகர்ந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஆன்ட்ரூ ஆடி என்ற விஞ்ஞானி 1973-ல் வெளியிட்டது. 'ஆடி சோதனை' என்பார்கள். நம் ஆடி மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

இதன் செய்முறை நம் வேதியியல் லேப் ரெக்கார்டில் எழுதுவதை விட எளிது. ஒரு கண்ணாடிக் குழாயில் சோதிக்க வேண்டிய பொருளில் சுமார் 2 கிராம் போட வேண்டும். சின்னக் குப்பியில் சில சொட்டு வடிநீர் வைக்க வேண்டும். நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த வெள்ளி, செம்பு, ஈயம் ஆகிய மூன்று உலோகத் துண்டுகளைப் பொருள் மேல் படாமல் வைக்க வேண்டும். காற்றுப் புகாமல் மூடி, 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் 28 நாள் வைக்க வேண்டும். பக்கத்திலேயே பொருள் எதுவும் போடாமல் இன்னொரு குழாயும் இருக்க வேண்டும், ஒப்பிடுவதற்கு. 28 நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் உலோகமே பதில் சொல்லிவிடும். மாறவில்லை என்றால் நிரந்தரமாக வைக்கலாம். லேசாக நிறம் மாறினால் ஆறு மாதக் கண்காட்சி வரைக்கும் சரி. நன்றாக அரித்திருந்தால் பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

பி.வி.சி.யா இல்லையா என்று மட்டும் பார்க்க இவ்வளவு நாளும் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். செம்புக் கம்பியைத் தீயில் நன்றாகக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினால், சுடர் பளிச்சென்று பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். பெயில்ஸ்டைன் சோதனை என்று பெயர், 1872-ல் வந்தது. வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது என்பதால் ஆசிரியர் துணையோடு, புகைபோக்கி அடுப்பின் கீழ்தான் செய்ய வேண்டும். ஹாஸ்டல் ரூமில் மெழுகுவர்த்தியில் செய்து பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்!

அப்படியானால் எதில்தான் எழுதுவது?

"எல்லாத்துக்கும் தடை போட்டா எதுலதான் போர்டு எழுதறது?" என்ற கேள்வி நியாயமானது. பதில் ஒன்றும் கஷ்டமில்லை.

செலவே இல்லாத வழி, அட்டையைப் பெட்டிக்கு வெளியே வைப்பது. கண்ணாடிக்கு வெளியே, காற்றோட்டமான கூடத்தில் இருக்கும் பலகை பெட்டிக்குள் இருப்பது அளவுக்குத் தொல்லை தராது. வாசலில் வைக்கும் அறிவிப்புக்கு ஃப்ளெக்ஸே போதும். நான் ஃப்ளெக்ஸுக்கு விரோதி இல்லை, அது எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் அக்ரிலிக் தகடு இருக்கிறது, பாலியெஸ்டர் தாள் இருக்கிறது, பருத்திக் கூழில் செய்த அமிலமில்லாத அட்டை இருக்கிறது. சாயம் கலக்காத பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் தகடுகளும் பொதுவாகச் சாதுவானவை. அச்சுக்கு லேசர் பிரின்டர் நல்லது. அதன் கறுப்பு டோனர் காகிதத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும், வெளிறாது, ஈரத்தில் கரையாது. ஒட்டுவதைத் தவிர்த்து நிறுத்துவதே மேல். அக்ரிலிக் தகட்டைச் சூடுகாட்டி வளைத்தால் அதுவே ஸ்டாண்டு. பசையும் வேண்டாம், டபுள் சைடு டேப்பும் வேண்டாம். பெட்டிக்கு உள்ளே பெயின்ட் அடித்தால், அடித்த மறுநாளே சிலையைத் தூக்கி உள்ளே வைக்காமல் சில வாரம் திறந்து போட்டு ஆறவிட வேண்டும். இவ்வளவு பார்த்து வாங்கினாலும் புதுச் சரக்கு வந்தால் ஒரு துண்டை ஆடி சோதனைக்குப் போட்டுவிடுவதே நல்லது. பேர் ஒன்றாக இருக்கும், சரக்கு மாறியிருக்கும். மார்க்கெட்டில் நமக்குத் தெரியாததா?

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொருளுக்குக் கெடுதல் என்று சொல்லி அட்டையையே எடுத்துவிடலாம் என்று யாராவது கிளம்பினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் பள்ளி இறுதி தாண்டியவன் நான்தான் முதல். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். அவரை ஒருமுறை ஒரு காட்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். ஒவ்வொரு அட்டையாக நான் சத்தமாகப் படிக்கப் படிக்க, அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். முதுமக்கள் தாழி முன்னால் நின்று, "இம்மாம் பெரிய பானையச் சூளையில எப்படிடா சுட்டாங்க?" என்று கேட்டார். அட்டையில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் கேள்வியை எழுப்பியது அந்த அட்டைதான். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பவனுக்கு அட்டை ஒரு அலங்காரமாக இருக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் வாத்தியார். அதனால் அட்டை இருக்க வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில், கண் கூசாத மங்கல் பரப்பில் இருக்க வேண்டும். துணிக்கும் ஓலைக்கும் வெளிச்சம் ஆகாது என்று 50 லக்ஸ் அளவுக்கு விளக்கைக் குறைத்து வைப்பார்கள். அந்த மங்கலான வெளிச்சத்தில் பளபள லேமினேஷன் போட்ட பொடி எழுத்தை எந்தத் தாத்தா படிப்பார்?

குழந்தைகள் கையில் என்ன கொடுப்பது?

இப்போதெல்லாம் கோடை விடுமுறையில் அருங்காட்சியகங்களில் குழந்தைகளுக்கு ஓவியம், கைவேலை, களிமண் வேலை என்று பயிற்சி வைக்கிறார்கள். மிகவும் வரவேற்க வேண்டியது. ஆனால் எதைக் கொடுத்து, எங்கே உட்கார வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

காட்சிக்கூடத்துக்குள் பென்சில் மட்டும். இது உலகம் முழுக்கப் பல அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். பால்பாயின்ட் பேனா மை கல் சிலையில் பட்டால் துளைகளுக்குள் இறங்கிவிடும், எடுப்பது பெரும்பாடு. பென்சில் கோடு என்றால் பாதுகாப்பு அறிந்தவர் பக்குவமாக எடுத்துவிடலாம். சீவும் தூள் கீழே விழாத டப்பா வைத்த ஷார்ப்னர் கொடுத்தால் இன்னும் நல்லது. எழுத அடியில் வைத்துக்கொள்ள ஒரு பரீட்சை அட்டையும் வேண்டும். அது இல்லாவிட்டால் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டி மேலேயே தாளை வைத்து எழுதும்!

அரிசி, பருப்பு, பாசிப்பயறு ஒட்டிப் படம் செய்வது பள்ளிக்கூடத்தில் அழகு. காட்சிக்கூடத்தில் அது விருந்து, பூச்சிகளுக்கு. அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் மல்லித்தூளிலும் மஞ்சளிலும் பழுப்பாக ஒரு சின்ன வண்டு வருமே, அதே இனம்தான் பழைய புத்தகங்களையும் உலர்தாவரங்களையும் துளைக்கிறது. திறப்பு விழாவுக்குக் கூடத்துக்குள் அரிசி மாக்கோலம் போடுவதும், பூத்தோரணம் கட்டுவதும், சுண்டல் கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். எறும்பு சாப்பிடட்டும் என்றுதானே நம் பாட்டிகள் மாக்கோலம் போட்டார்கள்! வீட்டு வாசலில் அது தர்மம். ஓலைச்சுவடி அறையில் அது ஆபத்து. கோலமும் குத்துவிளக்கும் வெளி முற்றத்தில் இருக்கட்டுமே.

மினுமினுப்புத் தூள் ஒருமுறை கொட்டினால் வருடக்கணக்கில் போகாது. மின்விசிறிக் காற்றில் பறந்து சிலையின் இடுக்கில் உட்கார்ந்துவிடும். தெர்மோகோல் உருண்டையும் அப்படித்தான், மின்னூட்டத்தால் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். பலூன் ரப்பர்தான், அது வெடிக்கிற சத்தத்தில் ஒரு குழந்தை திடுக்கிட்டுப் பெட்டி மேல் சாய்ந்தால் போச்சு. பெயின்ட், பசை, களிமண், தண்ணீர் தொடர்பான வேலை எல்லாம் தாழ்வாரத்திலோ தனி அறையிலோ நடக்க வேண்டும். முடிந்ததும் கை கழுவிவிட்டுத்தான் கூடத்துக்குள் வர வேண்டும். வியர்வையும் உப்பும் எண்ணெயும் உள்ள விரல் வெண்கலத்தில் பட்டால் கைரேகை அப்படியே பொறிந்துவிடும்.

பொருளுக்கு மட்டுமா, குழந்தைக்கும் பாதுகாப்பு வேண்டாமா? வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்தது, 2017 நவம்பரில் அமலானது. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற ஆணை 2020-ல் வந்து 2021 ஜனவரியில் அமலானது. ஆகவே தொட்டுப் பார்க்க வைக்கும் மாதிரி உருவங்களுக்குப் பழைய டப்பாவில் மிச்சம் கிடக்கும் பெயின்டை அடிக்கக் கூடாது. பட்டன் பேட்டரியும் சின்னக் காந்தமும் குழந்தை வாய்க்குப் போகக்கூடியவை. அவற்றைக் கழன்று வரும்படி வைக்கவே கூடாது.

சிலர் சொல்கிறார்கள்: "இவ்வளவு தொல்லை எதுக்கு? பசங்கள உள்ளயே விடாதீங்க." இது காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று, "தொடாதே, நிற்காதே, பேசாதே" என்பதை மட்டும் கேட்டுவிட்டு வேனில் ஏறித் திரும்பிப் போவதற்கா அருங்காட்சியகம்? பாதுகாப்பு என்பது கதவைச் சாத்துவதற்குக் காரணம் ஆகக் கூடாது. நல்ல பொருளைக் கொடுத்தால் கதவைத் தைரியமாகத் திறந்து வைக்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன். கல்வெட்டைப் படியெடுக்க ஈரத் தாளும் மையும் வைத்து மைப்படி எடுப்பார்கள், அது பயிற்சி பெற்றவர்கள் வேலை. அதையே குழந்தைகளுக்கு வேறு மாதிரி கொடுக்கலாம். நம் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் மில்லிங் மெஷினில் அக்ரிலிக் தகட்டில் தமிழி எழுத்தைச் செதுக்கிக் கொடுத்தால், அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தே ஒவ்வொரு பிள்ளையும் தன் பேரைப் படியெடுத்துக்கொண்டு போகும். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டில் கீறிய பெயர்களைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை, தன் பெயரையும் அதே எழுத்தில் எடுத்துக்கொண்டு போவது எப்பேர்ப்பட்ட பாடம்! செலவு ஒரு தாள், ஒரு பென்சில்.

இதில் நம் பங்கு என்ன?

படிப்புச் செலவுக்காக நான் மாலை நேரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் ஒரு காட்சிக்கூடத்திலிருந்து விளக்க அட்டைகளுக்கு ஆர்டர் வந்தது. கடிதத்தில் நீள அகலம் இருந்தது, எண்ணிக்கை இருந்தது, தேதி இருந்தது. எதில் செய்வது என்பது மட்டும் இல்லை. "அண்ணே, இது பெட்டிக்கு உள்ள வைக்கிறதா, வெளியவா?" என்று முதலாளியிடம் கேட்டேன். நல்ல மனிதர், உடனே போன் போட்டுக் கேட்டார். "உள்ளதாங்க. எதுவா இருந்தா என்ன, வெள்ளிக்கிழமை திறப்பு விழா" என்று பதில் வந்தது. கையில் சன்போர்டுதான் இருந்தது, சன்போர்டுதான் போனது. போன் வைத்ததும் முதலாளி என்னிடம், "தம்பி, கேட்டா வேற போட்டுக் குடுத்திருப்பேன். கேக்கலயே!" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது, நண்பர்களே. யாரும் கேட்கவில்லை. கொடுப்பவருக்குத் தெரியாது, வாங்குபவர் எழுதவில்லை, நடுவில் கெடுவது சிலை.

"அரசாங்க வேலைன்னா எல்-1 தான், குறைந்த விலைக்காரனுக்குத்தான் கொடுக்கணும், நல்ல பொருளுக்கு எங்க போறது?" என்பார்கள். தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பொருளுக்குக் குறைந்த விலை என்பதை முதலில் எழுதுபவர் கேட்பவர்தானே? "பெட்டிக்குள் வைக்கும் அட்டை பி.வி.சி. இல்லாததாக, அக்ரிலிக் தகட்டில், பசை இல்லாமல் நிற்கக்கூடியதாக, மாதிரித் துண்டுடன்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்குள் யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கே கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? நம்மில் சிலர் நாளைக்கு அரசு அலுவலகத்தில் அந்த விவரக்குறிப்பை எழுதும் இளநிலை வரைதொழில் அலுவலராக இருப்போம். சிலர் அச்சுக்கூடத்தில் ஆர்டர் எடுப்போம். சிலர் சொந்தமாகக் கடை வைப்போம். அந்த மேசையின் இரண்டு பக்கமும் உட்காரப் போவது நாம்தான்.

எனவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் விழா எடுக்கிறோம், மலர் போடுகிறோம், நல்லதுதான். வரும் வருடம் கூடவே ஒரு வேலையும் செய்வோம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பலகை, தாள், பசை, டேப், பெயின்ட் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வாங்குவோம். வேதியியல் லேபில் 28 நாள் பரீட்சை வைப்போம். 60 டிகிரி ஓவன் நம்மிடம் இருக்கிறது, கண்ணாடிக் குழாய் இருக்கிறது, விடுமுறையில் லேப் பூட்டியே கிடக்கிறது. கெமிக்கல் மாணவர்கள் சோதிக்கட்டும், மெக்கானிக்கல் மாணவர்கள் ஸ்டாண்டு செய்யட்டும், எழுத்தையும் அச்சையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முடிவை உலோகத் துண்டுகளோடு ஒரு மாதிரிப் பலகையில் பொருத்தி, எது வைக்கலாம், எது கூடாது என்று தமிழில் எழுதி, நம் மாவட்ட அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஒரு பிரதியை ஊரில் உள்ள அச்சுக் கடைகளுக்கும் கொடுப்போம். முடிவு எதில் சந்தேகமாக இருக்கிறதோ அதை அங்குள்ள பாதுகாப்பு வல்லுநர் பார்த்துச் சொல்லட்டும்.

"நமக்கு எதுக்குடா இந்த வம்பு, டிப்ளமா முடிச்சோமா, வேலைக்குப் போனோமான்னு இருப்போம்" என்று ஒரு நண்பன் சொன்னான். அவனுக்கு என் பதில் இதுதான். அந்தச் சிலையை வார்த்தவன் டிப்ளமாகூடப் படிக்கவில்லை. மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, உருக்கிய உலோகத்தை ஊற்றியவன் ஒரு கைத்தொழிலாளி. அவன் பேர் அட்டையில் இல்லை. ஆனால் தான் தொட்ட பொருள் ஆயிரம் வருடம் நிற்கும்படி அவன் வேலை செய்திருக்கிறான். அதே பெட்டிக்குள் வைக்க ஒரு துண்டுப் பலகையை வெட்டிக் கொடுக்கும் நாமும் கைத்தொழிலாளிகள்தான். அவன் வேலையைக் கெடுக்காமல் நம் வேலையைச் செய்வோம். ஆர்டர் எடுக்கும்போது நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று கேட்போமே, அதோடு சேர்த்து மூன்றாவதாக ஒன்றையும் கேட்போம்: "உள்ளேயா, வெளியேயா?"